வரவுப் புத்தகம்

ஓல்டனில், சுவிஸ்காரர் ஆராதனை முடித்துப் போன மண்டபத்தில்
மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் சபை.
காணிக்கை எண்ணுவது நான்.

இன்று தட்டில், பிராங்குகளுக்கு நடுவே
ஒரு தக்காளி.
காம்போடு. தோளில் இன்னும் கொஞ்சம் பச்சை.

நேசமலர் அக்காவின் வாடகைத் தோட்டத்தில்
முதலில் பழுத்தது இதுதான்.
மற்றதெல்லாம் காய்.
இரவு ஆலங்கட்டி மழை என்கிறது கைபேசி.
"மிச்சம் பழுக்குமோ தெரியாதே, அக்கா?"
"தெரிஞ்சாப்பிறகு குடுத்தால்
அதுக்கு வேற பேர், தம்பி."

கூடையை இறக்கி வைத்த கானான் விவசாயி
பழத்தைப் பற்றிப் பேசவில்லை.
அலைந்தவன் வம்சம் நான் என்றான்,
அந்நிய மண்ணில் ஒடுங்கினோம், கூப்பிட்டோம்,
கேட்கப்பட்டது என்றான்.

அதே கதையைத்தான் அக்கா
பதினாறு வருஷத்துக்கு முன் பாசலில்
மொழிபெயர்ப்பாளர் வழியாக நாலு மணி நேரம் சொன்னாள்,
இருக்க இடம் கேட்டு.
அன்று மடியில் வெறுங்கை.
இன்று ஒரு வார்த்தையும் சொல்லாமல்
தட்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

புத்தகத்தில் தக்காளிக்குக் கட்டம் இல்லை.
பேனாவை மூடினேன்.

மண்டபம் கூட்ட வந்த எரித்திரியப் பையன்,
போன மாதம்தான் இந்த ஊருக்கு வந்தவன்,
வாங்கிக்கொண்டு
சைகையில்
உப்புக் கேட்டான்.