எட்டு பத்துக்குக் கடைசி பஸ்

இருபது நாற்காலி போதுமென்று நினைத்தேன்.
டொலீடோ நூலகத்தின் கீழ்த்தள அறை,
பிப்ரவரிச் செவ்வாய், பனி வேறு.
காரில்லாமல் வாழ்வது எப்படி என்று கேட்க
யார் வந்துவிடப்போகிறார்கள்?

வந்தார்கள்.
குழந்தைகள் பிரிவிலிருந்து
முயல் படம் போட்ட முக்காலிகளையும் தூக்கிவந்தோம்.
முழங்கால் தாடையில் இடிக்க
அதிலொன்றில் உட்கார்ந்த பல் மருத்துவர்
சரக்கு சைக்கிள் என்ன விலை என்றார்.
கடைசித் தவணை கட்டிய மறுநாளே
வண்டியை விற்ற கதையை லிண்ட்கிரன் சொன்னார்.
கைத்தட்டல்.
வெளியே தெருமுனை வரைக்கும் கார்கள்
பனித்தொப்பியோடு காத்திருந்தன.

கடைசி வரிசையில் ஒரு பெண்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சீருடை,
மேலே யாரோ ஓர் ஆணின் கோட்டு.
"பதினோரு வருஷமா எனக்குக் கார் இல்லை" என்றாள்.
"அற்புதம்!" என்றது முன்வரிசை.
அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"எட்டு பத்துக்குக் கடைசி பஸ்."
எழுந்து போய்விட்டாள்.

கேள்வி நேரம் எட்டரைக்கு.
நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

வருகைப் பதிவேட்டில் இருந்தது பெயர்: ஒனீட்டா பிக்ஸ்.
'எப்படி வந்தீர்கள்' என்ற கட்டத்தில்
மற்றவர்கள் டிக் அடித்திருக்க
அவள் எழுதியிருந்தாள்:
ரெண்டு பஸ். நடுவில் நடை.
பாலத்துக்குக் கீழே நடைபாதை கிடையாது.

முக்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டினேன்.
சாலையை வழித்த இயந்திரம்
அத்தனை பனியையும் குவித்திருந்தது
பஸ் நிறுத்தத்தின் மேல்.
விளக்கு வெளிச்சத்தில்
அந்த மேட்டில் ஏறிய ஒரு ஜோடிக் காலடி.
இறங்கிய தடம்
காரிலிருந்து தெரியவில்லை.