மூன்று வகைப் பசை

அலமாரிக்கு மேலிருந்து இறக்கியபோது
வால் பக்கத்துப் பொந்தில் பல்லி முட்டை இரண்டு.
நடு விலாவில் மஞ்சளாய்க் கசிந்திருப்பது
தொண்ணூற்றாறில் தடவியது.
கண்ணாடியாய் இறுகிய கோடு இரண்டாயிரத்து ஏழு.
தொட்டால் இன்னும் ஒட்டுவது போன வாரம்.

முதல் தடவை
சுங்கைப்பட்டாணி ஆ லியோங் கடையில் பால்சா பலகை.
தம்பிக்கா என்றான்.
எனக்கு என்றேன்.
எண்ணி வைத்த காசை மறுபடி எண்ணினான்.
பன்னிரண்டு விலாவில் ஒன்பதை ஒட்டியிருந்தேன்,
செம்பனை லோரி அப்பாவின் மோட்டார் சைக்கிளை உரசிய அன்று.
எஞ்சினை விற்றேன்.
அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போகவர
பதினொரு நாள் பஸ் காசு.
அந்த எஞ்சின் அதிக தூரம் போனது அப்போதுதான்.

இரண்டாம் தடவை பறந்தது.
பாடாங் செராய் பள்ளித் திடலில் நான்கே முறை,
கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு.
ஐந்தாம் முறை எரிபொருள் ஊற்றுகையில்
விளக்கெண்ணெய் வாடை குடலைப் புரட்டியது.
திடலோரம் குந்தி வாந்தி எடுத்தேன்.
கிளினிக்கில் நர்ஸ் சிரித்துக்கொண்டே
இரண்டு மாதம் என்றாள்.
பிறகு கிஷாந்தினி,
பிறகு அவள் தம்பி,
பிறகு ஆலையில் இரவு ஷிப்ட்,
பிறகு மாமியாருக்கு டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி.
பெட்டியின் மேல் போர்வை ஏறியது,
போர்வையின் மேல் பழைய ரைஸ் குக்கர்.

நடுவே ஒன்று, கணக்கில் சேராதது:
புது ரேடியோவும் பாட்டரியும் வாங்கிவந்த வாரம்
நாட்டையே பூட்டினார்கள்.
பூட்டைத் திறந்தபோது பாட்டரி
எலியை விழுங்கிய சாரைபோல் உப்பியிருந்தது.

என் முதல் ரேடியோவின் ஆன்டெனா கைநீளம்.
இதற்குச் சுண்டுவிரல் அளவு.
ஒரே அலைவரிசையில் இருவர் திறந்தால்
ஒருவருடையது விழும் என்ற பயம் போய்விட்டது.
எஞ்சின் இருந்த மூக்கில் இப்போது மின் மோட்டார்,
சத்தமில்லை, வாடையில்லை.
ஆ லியோங்கின் மகன் அதே கடையில்
கைப்பேசி உறை விற்கிறான்.

வானம்தான் கிடைக்கவில்லை.
திடலில் மண்டபம் கட்டிவிட்டார்கள்,
மற்ற இடமெல்லாம் செம்பனை மட்டை.
கிராணி ஆரோக்கியம் சொன்னார்:
ஏழாம் நம்பரைச் சாய்த்தாச்சு, மறுநடவு.
போய்ப் பார்த்தேன்.
நான் முதல் விலாவை ஒட்டிய வருஷம் நட்ட மரங்கள்.
கிடக்கும் தண்டுகளுக்கு மேலே
அவ்வளவு வெளிச்சம், யாரும் கேட்காமல்.

ஞாயிறு, ஏழு மணி.
இவர் விமானத்தைத் தூக்கிப் பிடித்தார்,
கூட்டத்தில் மாலை வாங்குகிறவர் மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு.
கிஷாந்தினி காருக்குள் தூங்கினாள்.
எறியுங்கள் என்றேன்.

போகும்போது சுலபம்.
இடது என்றால் இடது.
திரும்பி என்னை நோக்கி வரும்போதுதான்
அதன் இடம் என் வலம்.
ஓர் இறக்கை சரிந்தது.
கட்டைவிரல் தப்பாய்த் தள்ள, இன்னும் சரிந்தது.
ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் அமிலம் பார்க்கையில்
பியூரெட்டை ஒரே சொட்டில் நிறுத்தும் விரல்தான் இது.
பழைய விதி எங்கிருந்தோ வந்தது:
தாழ்கிற பக்கம் குச்சியைத் தள்ளு,
சாயும் வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல.
கொடுத்தேன்.
நிமிர்ந்து தலைக்கு மேல் கடந்தது,
அதன் நிழல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

இறங்கியது என்று சொல்ல முடியாது.
தண்டுக் குவியலில் முட்டி நின்றது,
விசிறியில் பாதி காணோம்.
எடுக்க நடந்த வழியெல்லாம்
சிவப்பு முனைக் கோல்கள்,
குழிக்கு இடம் குறித்து வரிசை வரிசையாய்.
வியாழக்கிழமை கன்று லோரி வருமாம்.
இன்று ஞாயிறு.
பையில் விசிறி இன்னும் ஒன்று, பாட்டரி இரண்டு.
பசியாறப் போகலாமா என்றார் இவர்.
கொஞ்சம் பொறுங்கள் என்று
திருப்புளியைத் தேடினேன்.