கிடைத்த புதன்

லியபாயாவில் டிராம் பாதை ஒன்றே ஒன்று.
இருபத்திரண்டு வருடமாய் அதன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பத்தொன்று முடிந்த வாரம்
டாக்டர் என் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து
எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
உப்பைக் குறை. நட.
கடைசியாக எப்போது எதையாவது கொண்டாடினாய்?
அவர் கேட்டாரா, திரும்பும் வழியில்
நானே கேட்டுக்கொண்டேனா, நினைவில்லை.
யோசித்தால்,
மகள் டப்ளினுக்கு விமானம் ஏறிய அன்று கேக் வெட்டியிருக்கிறோம்.
அதைக் கணக்கில் சேர்ப்பதா?

எங்கள் நாட்காட்டியில்
தேதிக்கு இரண்டு மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கும்.
உன் பெயர் வரும் நாள் உன்னுடையது.
யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் வருவார்கள்.
நீ காபி போட்டுவைத்துக் கதவைப் பார்த்திருக்க வேண்டும்.
இங்குனா என்று அச்சான நாளில்
நான்கு வருடம் கதவைப் பார்த்தேன்.
ஐந்தாம் வருடம்
இரவுப் பணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புதன் எனக்கு விடுப்பு.
பொன் கிடைத்தாலும் கிடைக்காது என்கிற அந்தப் புதன்
வாராவாரம் வந்து
துணி துவைத்துக் காயப்போட்டுப் போய்க்கொண்டிருந்தது.
இனி அன்றைய தாளில் எந்தப் பெயரோ
அந்த ஆளுக்கு என் வீட்டில் விழா.

முதல் புதன், வால்டிஸ் என்று ஒருவர்.
யாரென்று தெரியாது. இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.
குங்குமப்பூ போட்டு, எட்டு மாதிரி வளைத்த ரொட்டி
அடியில் கருகியது.
ஒருத்திக்கு எதற்கு மேஜைவிரிப்பு என்று
வெட்கம் காதுவரை ஏறியது.
மூன்றாம் வாரம் நின்றபடியே தின்றேன்.
பிப்ரவரியில் இரண்டு புதன் எழுந்திருக்கவே இல்லை.
அப்புறம் ஒரு நாள்
நல்ல கோப்பையை எடுக்கக் கை தானாகப் போயிற்று,
பல் துலக்கப் போகிற மாதிரி.

சந்தையில் பூ விற்கும் மிர்த்ஸா
என்னைக் கண்டதும் கேட்பாள்:
இந்த வாரம் யார்?
பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில்
தான் அறிந்த ஒரு கஞ்சனையோ கள்ளனையோ
கதையோடு பொட்டலம் கட்டித் தருவாள்.

ஏப்ரலில் ஒரு புதன், அக்ரிதா.
என் தங்கை. போய் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
இருப்பவர்க்கு ஒற்றைப்படை, போனவர்க்கு இரட்டைப்படை,
அது எங்கள் ஊர்ப் பூக்கணக்கு.
மிர்த்ஸாவின் கை வாளிக்குள் நின்றது.
மூன்றா, நான்கா?

மூன்று, என்றேன்.
புதன் முழுக்க அவை மேஜையில் இருந்தன.
அவளுக்குப் பிடிக்காத அந்த ரொட்டியை
அவளுக்கும் சேர்த்து நானே தின்றேன்.
வியாழன் விடியலில்
இன்னும் ஒன்று வாங்கி
நான்காகக் கொண்டுபோய் வைத்தேன்.

மே இருபத்திரண்டு
தாளில் இடம் கிடைக்காத பெயர்கள் எல்லாவற்றுக்குமான நாள்.
இந்த வருடம் அதுவும் புதனில் விழுந்தது.
முந்தின மாலை அந்தத் தாளைப் பணிமனைச் சுவரில் ஒட்டினேன்.
அழைக்கவில்லை, ஒட்டினேன்.
ஆறு மணிக்குக் கதவு தட்டியது,
சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிற அதே இரட்டைத் தட்டு.
ஃபர்ஹாத். முப்பது வருடமாக இந்த ஊரில்.
கையில் ட்யூலிப் ஐந்து.
எண்ணிப் பார், என்றான். ஒற்றைதானே?
எண்ணினேன்.
நான் செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

இரத்த அழுத்தம்?
டாக்டர் இப்போதும் உதட்டைப் பிதுக்குகிறார்,
கொஞ்சம் சின்னதாக.

நாளை மறுநாள் புதன்.
தாளில் இரண்டு பெயர், இரண்டும் தெரியாதவை.
குங்குமப்பூ தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.