பஃப் கை

காலை ஐந்தே முக்காலுக்குச் சாவி கொடுக்கிறேன்
கைக்கடிகாரத்துக்கு.
இருபது சுற்று. கூட ஒன்று திருகினால் முறைத்துக்கொள்ளும்.
பிறகு கொண்டை:
உள்ளே மகனின் ஒற்றைக் காலுறையைச் சுருட்டி வைத்து
மேலே பதினெட்டு ஊசி.
மூக்குக்கண்ணாடியில் பவர் இல்லை,
பூனைக்கண் விளிம்பு மட்டும்.
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அறுபது ரூபாய்.
பேரம் பேசவில்லை,
அன்றைக்கு என் ஆடம்பரம் அதுதான்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு நடை.
மீன்கூடை ரெஜினா கேட்கிறாள்,
"எங்கம்மே ஷூட்டிங்கு?"
"நாலு வீடு. பாத்திரம், தரை, ரெண்டு பாத்ரூம்."
"அதுக்கா இந்தப் புள்ளிச் சேலை?"
அதுக்குத்தான் என்கிறேன்.
செதில் ஒட்டிய கையால் தொடாமல்
முந்தானையைக் காற்றிலேயே தடவிப் பார்க்கிறாள்.

ஒன்று சொல்லட்டுமா,
பஃப் கை வைத்துப் பாத்திரம் தேய்ப்பது
அவ்வளவு கஷ்டமில்லை.
முழங்கைக்கு மேல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்,
நுரை எட்டாத மேட்டில் இரண்டு வாத்து மாதிரி.
கஷ்டம் சேலையின் கரைக்குத்தான்.
எவ்வளவு தூக்கிச் செருகினாலும்
நாலு விரல் ஈரம் அதன் தலையில் எழுதியிருக்கிறது.
குதிகால் செருப்பு வாசலிலேயே நின்றுவிடும்
ரப்பர் செருப்புகளுக்கு நடுவில்,
விருந்துக்கு வந்து வழி தவறியவள்போல.
கஞ்சிக்குக் குறைவில்லை.
இரண்டாம் மாடியில் இன்னமும் சோறு வடிக்கிறார்கள்.
வடித்ததைக் கொட்டச் சொன்னார்கள்,
நான் பாட்டிலில் கொட்டினேன்.

என் அம்மா இப்படி உடுத்தியதில்லை.
அவள் வேலை பார்த்த வீடுகளில்
மற்றவர்கள் இப்படி உடுத்தினார்கள்.
துவைத்தாள், நீலம் போட்டாள்,
உலர்த்தி மடித்து அவர்கள் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.
இந்தக் கையில் அவளுக்குத் தெரிந்தது உள்பக்கம்தான்,
வியர்வை தங்கும் அந்தத் தையல்.

பொங்கலுக்கு வித்யுலதா மேடம் ஒரு பை கொடுத்தார்கள்.
ஆறு சுடிதார், ஒரு நைட்டி.
"எல்லாம் பழசுதான் அமலா, ஆனா நல்லா இருக்கு."
என் பெயர் அமலோற்பவம்.
அதையும் இப்படித்தான் மடித்துச் சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள்.
பையைச் சோபாமேல் திரும்ப வைத்தேன்.
"பழசு வேணாமா? நீ கட்டியிருக்கறது மட்டும் என்னவாம்?"
நியாயமான கேள்வி.
மாப்பைப் பிழிந்துகொண்டே யோசித்தேன்.
ஹால் முடிந்தது, இரண்டு ரூம் முடிந்தது,
பதில் பால்கனியில்தான் கிடைத்தது.
அதற்குள் மேடம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு
கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் மாடிக்குப் புதிதாக வந்த பெண், மிருதுளா,
கதவைத் திறந்ததும் கூவினாள்:
"அக்கா, செம ரெட்ரோ! ஒரே ஒரு போட்டோ.
அந்தத் துடைப்பத்தோட, அப்படியே கதவுகிட்ட."
துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன்.
"நாற்காலி போடும்மா" என்றேன்.

வீட்டுக்காரர் விட்டுப்போன தேக்கு நாற்காலி.
மூன்று குடித்தனம் மாறிவிட்டது,
ஆறு வருடமாக அதன் கால்களோடுதான் எனக்குப் பழக்கம்.
உட்கார்ந்தேன்.
முதுகை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
கன்னத்தில் ஒரு விரல் வைத்து
போனைப் பார்க்காமல்
அதற்கு இடப்பக்கம், மின்விசிறி ஸ்விட்சுக்கு மேலே,
யாரோ வருவதுபோலப் பார்த்தேன்.
அங்கே ஒரு ஒட்டடை.

படத்தில் எல்லாம் விழுந்திருக்கிறது,
கொண்டை, புள்ளிகள், வாத்து இரண்டும்.
அடியில் அந்த நாலு விரல் ஈரம்,
நீலம் கறுத்து.
"இதைக் கட் பண்ணிடவா அக்கா?"
"இருக்கட்டும்."

கடிகாரத்தில் பத்து இருபது.
மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் அதற்கு.
ஒட்டடைக் கம்பு எங்கே என்று கேட்டேன்.