அரை இஞ்ச் வாஷர்

கண்ணாஸ்பத்திரி மூன்றாவது மாடியில்
பவர் பார்க்கும் எந்திரத்தைச் சரிசெய்ய வந்த கொமோரி
மறந்துவிட்டுப் போனாரோ வைத்துவிட்டுப் போனாரோ,
ஓவியக் கண்காட்சிப் புத்தகம் ஒன்று
என் மேஜையில் கிடந்தது.

நாற்பத்தி இரண்டாம் பக்கத்தில்
ஒரு சமையலறைத் தொட்டி.
பாதி வெட்டிய முள்ளங்கி. பிழிந்த துணி.
இடப்பக்க ஜன்னலிலிருந்து
அவசரமில்லாத வெளிச்சம்.
நிழலில் கறுப்பே கிடையாது,
கழுநீரின் அடியில் தங்கும் நிறம்.
கீழே கட்டங்கட்டமாய் எழுத்து.
எனக்குப் படிக்க முடிந்தவை எண்கள் மட்டும்:
2009, ஒரு கோடு, 2013.
ஒரு முள்ளங்கிக்கு நாலு வருஷம்.
அதற்குள் எத்தனை முள்ளங்கி அழுகியிருக்கும்.

எங்கள் ஊர் வெளிச்சம் இப்படி வராது.
பனகல் சாலையில் காலை பதினோரு மணிக்கே
பஸ் கண்ணாடியில் பட்டு உடைந்து
சில்லுச் சில்லாய்க் கண்ணில் இறங்கும்.
நிழல் என்று ஒன்று இருந்தால்
அது யாரோ ஏற்கெனவே வண்டி நிறுத்திய இடம்.

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு
"இதுவா… இதுவா? எது தெளிவு?"
ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்பேன்.
என்னை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

ஆரப்பாளையம் சோணைமுத்து, பிளம்பர்,
வலது கண்ணில் புரை எடுத்த மறுநாள்
கட்டைப் பிரித்ததும் சுவரைத்தான் பார்த்தார்.
"இது வெள்ளையாம்மா? நேத்து வரைக்கும் மஞ்சளு."
எதற்கென்று தெரியாமல்
புத்தகத்தை நீட்டினேன்.

"போட்டோ."
"இல்லண்ணே, கையால வரஞ்சது."
இடது கண்ணை மூடினார். திறந்தார்.
வலதை மூடினார்.
"போட்டோன்னா ஒரு நிமிஷம்.
எதுக்கு இம்புட்டு மெனக்கேடு?"
என்னிடமும் பதில் இல்லை.

பக்கத்தை மூக்குவரை கொண்டுபோனவர்
"கொழா ஒழுகுதே" என்றார்.

நூறு முறை பார்த்த படம்.
குழாய் வாயில் விழலாமா என்று ஒரு சொட்டு.
அதற்குள் கடுகளவு ஜன்னல்,
தலைகீழாய்.

"வாஷர் தேஞ்சுருச்சு. வரஞ்சவருக்குத் தெரியல."
"தெரியாமயா சொட்டை வரஞ்சாரு?"
"தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பாருல்ல?"

அன்றிரவு செல்லூரில்
என் வீட்டுக் குழாயை இறுக்கி மூடாமல் விட்டேன்.
டியூப் லைட்டை ஒரு வெள்ளைக் கீறலாய்த் தூக்கிக்கொண்டு
சொட்டு இறங்கியது.
மூன்று எண்ணுவதற்குள் விழுந்துவிட்டது.
மறுபடி. மறுபடி.
பாதி வாளி நிறையும்வரை நின்றேன்.
அங்கே ஒருவர் நாலு குளிர்காலம்
அதை விழவிடாமல் நின்றிருக்கிறார்.

மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார் சோணைமுத்து.
கடைசி வரியையும் தடுக்காமல் படித்தார்.
எழுந்து போகையில்
சட்டைப்பையிலிருந்து கறுப்பாய் ஒரு ரப்பர் வளையம்.
"அரை இஞ்ச்.
அந்த ஜப்பான்காரருக்கு அனுப்பிவிடுங்க.
சொட்டுச் சொட்டா ஒழுகியே டேங்க் காலியாயிரும்."

முகவரி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

லென்ஸ் பெட்டியில் காலியாய் இருந்த குழியில்
சற்றுத் தளர்வாய்த்தான் உட்கார்ந்திருக்கிறது.
கூட்டமில்லாத ஒரு மதியம்
எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.
சின்ன ஓட்டை.
எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டி,
தளர்ந்த கேபிள் வயர்,
காக்கை எழுந்து போனபின் ஆடிக்கொண்டிருந்த அதன் இடம்.
ஓரத்தில் கொஞ்சம் ரப்பர் வாசனை.

வெளியே அறுபத்தி நாலாம் டோக்கனைக்
கூப்பிட்டார்கள்.
இன்னும் கொஞ்ச நேரம்
எடுக்கவில்லை நான்.