கவை

லானோ என்றால் ப்ரெத்தோன் மொழியில் ஏறுகடல்.
பதினாறு வருடமாகக் கூல்வென் அதைக் கட்டிக் காக்கிறார்,
துவார்னெனே ஊரில், பழைய மத்தி ஆலைக்கு மேல்மாடியில்,
சம்பளமில்லாமல்.
கடல் எப்போது ஏறும், எவ்வளவு, எப்போது வற்றும்,
கேட்ட எவருக்கும் சொல்லும் நிரல்.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம்,
பிரித்துக்கொண்டு போகலாம்,
உரிமத்தில் அப்படித்தான் இருக்கிறது.
போகலாம் என்று வாசலிலேயே எழுதிவைத்த வீட்டைவிட்டுப்
போவதுதான் கஷ்டம்.

நான் கான்காலில் சிப்பிப் பண்ணைகளுக்குக் கணக்குப் பார்ப்பவள்.
நவம்பரில் ஒரு புயல் காற்றழுத்தத்தைக் குப்புறத் தள்ளியது.
அட்டவணை சொன்னதைவிட முக்கால் முழம்
கூடுதலாய் வந்தது தண்ணீர்.
ழெகூவின் டிராக்டர் இன்னும் அங்கேதான் நிற்கிறது,
இருக்கையில் பாசி.
அன்றிரவே எழுதினேன்,
அழுத்தம் இறங்கினால் கடல் எவ்வளவு ஏறும் என்று,
இருநூற்றுப் பதினான்கு வரிகள்.

'இப்போதைக்கு வேண்டாம்' என்றார் கூல்வென்.
அப்புறம் பேச்சில்லை.
பிப்ரவரியில் ஒருமுறை தொலைபேசியில் பிடித்தேன்.
'அஸெனோர், தினமும் ஐந்து நிமிடம் பிந்தும் கடிகாரத்தோடு
ஒருவன் குடும்பம் நடத்தலாம்.
சில நாள் மட்டும் பிந்துவது
ஆளைக் கொல்லும்.'
படித்தீர்களா என்று கேட்டேன்.
கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது என்று வைத்துவிட்டார்.

நிலமென்றால் நடுவில் வரப்புப் போடலாம்,
மூத்தவனுக்கு மேட்டுப்பக்கம், இளையவனுக்குக் கிணறு.
இதில் பாதி என்பதே கிடையாது.
அவருக்கும் முழுசு எனக்கும் முழுசு.
பங்கு பிரிவது ஆட்கள்தான்.
பிழை கண்டால் சொல்ல வருகிற அந்த நாற்பது பேர்,
ஆவணம் எழுதுகிற ஒருத்தர்.
ஃபண்டி விரிகுடாவிலிருந்து தொமித்தில் கேட்டாள்:
'இரண்டு இருந்தால் என் படகு எதை நம்பும்?'
அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

ஜூன் பதினொன்று, பின்னிரவு.
ஒரே ஒரு பொத்தான்.
மூச்சை இழுத்து விடுவதற்குள்
பதினாறு வருடம் வந்து என் பெயருக்குக் கீழே உட்கார்ந்தது,
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவர் பெயரோடு.
என்றோ ஒரு விடிகாலை நான்கு பத்துக்கு
அவர் திருத்திய காற்புள்ளிகூட இருந்தது.
தனிக்குடித்தனம் போகிறவள்
மாமனாரையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டதுபோல.

பெயர் கேட்டது திரை.
த்ரே என்று தட்டினேன். வற்றுகடல்.
அழித்தேன். ஜன்னலைத் திறந்தேன்.
இருட்டில் கடல் எங்கேயோ மூன்று மைல் தள்ளிக் கிடந்தது,
சேற்று வாடை மட்டும் இங்கே.
மறுபடியும் அதையே தட்டினேன்.

பின்தொடர்வோர்: சுழியம்.
ஒன்பது நாள் சுழியம்.
பத்தாவது நாள் ஒரு பிழையறிக்கை,
வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை:
'வரி எண்பத்தெட்டு. அழுத்தமானி செத்துப்போனால்
நேற்றைய எண்ணையே பிடித்துத் தொங்குகிறது.
வெயில் நாளில் புயல் சொல்லும்.'
கணக்கின் பெயர் கூல்வென்.

அவர் வீட்டில் ஏழு மாதம் தூங்கிய வரிகளை
என் வீட்டுக்கு வந்து படித்திருக்கிறார்,
எண்பத்தெட்டு வரையாவது.
கோபம்தான் முதலில் வந்தது.
பிறகு கோப்பைத் திறந்தேன்.
அவர் சொன்னது சரி.
வெளியே ழெகூ சங்கிலியோடு புது டிராக்டரில் போகிறான்,
கடல் திரும்ப இன்னும் ஒரு மணி இருபது நிமிடம்,
இரண்டு நிரலும் இன்றைக்கு அதையேதான் சொல்கின்றன.