புள்ளி

மழை விட்ட இரவு, கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
தூசி கிளம்பும் என்று ஃபேனை நிறுத்தினேன்.
யன்னலையும் சாத்தினேன்.
வியர்வை சொட்டாதிருக்க
நெற்றியில் துவாய்க் கிழிசல்.

கிற்றார்க்காரன் காலில் மிதிக்கப்போகும்
அலுமினியப் பெட்டி.
துளைகளை மெழுகால் அடைத்தாயிற்று.
சரிந்த மூலைக்கு அடியில்
ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி. மட்டம் சரி.

ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒன்று.
யோகட் கோப்பையில், ஐஸ்கிறீம் குச்சியால்,
மெதுவாக,
கோபக்காரரோடு கதைப்பது போல.

ஊற்றிய பிறகுதான் கண்டேன்.
அச்சுக்காரன் ஒரு புள்ளியை விழுங்கியிருக்கிறான்.
'இரைசசல்.'
அதன்மேல் தேன்போலப் பரவிக்கொண்டிருந்தது.

துடைக்கலாம். ஸ்பிரிட் இருக்கிறது.
ஆனால் நாளை போயா, அச்சகம் பூட்டு.
சனி இரவு தெகிவளையில் ரெஜினோல்ட் வாசிக்கிறான்.
அவன் தந்த முற்பணம்
கரண்ட் பில்லாகி இரண்டு கிழமை.
லைட்டர் சுடரால் குமிழிகளை உடைத்தபடி
யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தது நுளம்பு.
(சுருள் கொளுத்தவில்லை. சாம்பல் விழும்.)
காதருகே ஒரு சுற்று,
பிறகு இறங்கியது
முதல் 'ச'வின் உச்சியில்;
இல்லை, ஒரு மயிரளவு வலப்பக்கம்.
இறக்கை இரண்டு தரம் துடித்தது.
ஊசியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

சனி மாலை ரெஜினோல்ட்
பெட்டியை விளக்குக்கு நேரே பிடித்தான்.
"அக்கா, புள்ளிக்கு ஏன் கால்?"
மிதித்துப் பார், என்றேன்.
மிதித்தான்.
ஒரு நரம்பையும் தொடுவதற்கு முன்பே
ஸ்பீக்கரில்,
காதருகே வந்த அதே
ங்ங்ங்.